லொகேஷன் கேட்டால் லத்தீன் சொல்பவர்

மனிதர்களில் ஓர் இனம் இருக்கிறது. அந்த இனத்தாரிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டால், தண்ணீர் என்ற சொல் எப்படி வந்தது என்று சொல்லி முடித்த பிறகுதான் சொம்பு உங்கள் கைக்கு வரும். பஸ் எப்போது வரும் என்று கேட்டால், பஸ் என்பது ஒரு நீளமான லத்தீன் சொல்லின் வால் மட்டும்தான், தலையும் உடம்பும் எப்போதோ கழன்று விழுந்துவிட்டன என்று விளக்குவார்கள். விளக்கம் முடிவதற்குள் அந்த வால் உங்களைத் தாண்டிப் போயிருக்கும். சொல் கிடைக்கும். பஸ் கிடைக்காது.

இவர்கள் கெட்டவர்களா என்றால், இல்லை. அதுதான் கஷ்டமே. குடிக்க மாட்டார்கள், கைமாற்று கேட்க மாட்டார்கள், அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்க மாட்டார்கள். வெறுப்பதற்கு ஒரு காரணமும் தராமல் நம்மை ஓட ஓட விரட்டுவது இவர்களால் மட்டுமே முடியும். அடையாளம் வேண்டுமா? வலது கை ஆள்காட்டி விரல் மெல்ல மேலே எழும்பும். இடது கண் பாதி மூடும். பிறகு அந்த வாசகம் வரும்: "அதுக்கு முன்னாடி ஒரு விஷயம்." இதைக் கேட்ட மாத்திரத்தில் ஏதாவது ஒரு வேலையை ஞாபகப்படுத்திக்கொண்டு கிளம்பிவிடுவது நல்லது. கிளம்பாதவர்கள் ரோமாபுரி வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்ப வேண்டியிருக்கும்.

இந்த இனம் ஊருக்கு ஊர் இருந்தாலும், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் உள்ள வட்டாரத்தில் செழித்து வளர்கிறது. ஏன் வளராது? இங்கே எழுந்தால் ஷிப்ட், வெளியே வந்தால் கம்பெனி பஸ், உள்ளே போனால் லைன், பசித்தால் கான்டீன், தீபாவளி வந்தால் போனஸ். சொல்லுக்குச் சொல் சீமையிலிருந்து வந்து இறங்கியிருக்கிறது. எதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. நேரமில்லாதவர்கள் நடுவில்தானே இவர்களுக்கு வேட்டை.

சௌந்தர்யாவின் அப்பா இளங்கோவன் இந்த இனத்தில் முதல் தரம். ஒரகடத்தில் காருக்கு சைலன்சர் செய்கிற ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். சைலன்சர் செய்கிற இடத்தில் இவரை எப்படி வேலைக்கு எடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். எந்த போல்ட் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஆனால் போல்ட் என்ற சொல்லை முடித்துவிட்டுத்தான் போல்ட்டை எடுத்துத் தருவார். எதைக் கண்டாலும் தோண்டுகிறவர் என்பதால் லைனில் அவருக்குப் பெயர் 'பொக்லைன்'. "பொக்லைன் வருது" என்று யாராவது மெதுவாகச் சொன்னால் போதும், டீ குடிக்கிற கூட்டம் கலைந்து, பாதி டீயோடு கப்புகள் மட்டும் நின்றுகொண்டிருக்கும்.

ஒருமுறை சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ஷேர் ஆட்டோ ஏறியவர், "ஆட்டோன்னா இன்னான்னு நெனைக்கறே? கிரேக்கத்துல தானா, தனக்குத்தானேன்னு அர்த்தம்" என்று டிரைவரிடம் ஆரம்பித்தார். கொள்ளாத கூட்டத்தை ஏற்றிக்கொண்டு, ஒரு தொடை மட்டும் சீட்டில் பட உட்கார்ந்திருந்த அந்த மனிதர் திரும்பிப் பார்த்து, "அப்ப தானா போவட்டும், நான் எறங்கிக்கறேன் சார்" என்றார். இன்னொரு முறை போனஸ் பேச்சுவார்த்தைக்கு, வயதில் மூத்தவராயிற்றே என்று சங்கத்துப் பிள்ளைகள் இவரையும் மேனேஜர் அறைக்கு அழைத்துப் போனார்கள். பேச்சு சூடு பிடித்த நேரத்தில் விரல் எழும்பியது. போனஸ் என்றால் லத்தீனில் 'நல்லது' என்று மட்டும்தான் பொருள், பணம் என்று அதில் எங்கேயும் இல்லை என்றார் இளங்கோவன். மேனேஜர் எழுந்து வந்து கை கொடுத்தார். அந்த வருஷம் எல்லோருக்கும் நல்லதே நடக்கட்டும் என்று வாழ்த்தி, ஆளுக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்து அனுப்பினார்கள்.

வீட்டில் எப்படி என்கிறீர்களா? மனைவி பங்கஜம் மருந்து கண்டுபிடித்து வைத்திருந்தாள். புருஷனின் விரல் எழும்பியதும் மிக்ஸியைப் போட்டுவிடுவாள். உள்ளே தேங்காய் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க மாட்டாள். அந்த வீட்டு மிக்ஸி சட்னிக்கு ஓடியதைவிட இளங்கோவனுக்கு ஓடியதுதான் அதிகம். சௌந்தர்யாவுக்கு அப்படி ஒரு வசதி இல்லை. அவள் முழுக்க முழுக்கக் காது கொடுத்தே வளர்ந்தாள். என்ன ஆனாலும் சரி, இந்த வியாதி மட்டும் தனக்கு வரக்கூடாது என்று ப்ளஸ் டூ படிக்கும்போதே சபதம் எடுத்திருந்தாள்.

அவளுக்கு இப்போது கல்யாணம் ஆக வேண்டும். சும்மா ஆக வேண்டும் என்பதல்ல, விமல்ராஜோடு ஆக வேண்டும். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். இருங்காட்டுக்கோட்டையில் வேலை, அங்கேயே வாடகை ரூம். ஷேர் ஆட்டோவில் ஆரம்பித்து, அவனுடைய பைக்கில் வளர்ந்து, சௌந்தர்யா வீட்டுத் தெருமுனைத் தண்ணீர் டேங்க்கின் அடியில் தினம் தினம் பிரிய மனமில்லாமல் பிரிந்துகொண்டிருந்த விவகாரம் அது. ஆனால் அவனுடைய அப்பா நம்பிராஜனுக்குக் காதல் கல்யாணம் என்றால் ஆகாது. மூத்த மகன் யாரிடமும் சொல்லாமல் தாலி கட்டிக்கொண்டு வந்து நின்ற நாளிலிருந்து ஆகாது. அதனால் பிள்ளைகள் ஒரு நாடகம் போட்டார்கள். நம்பிராஜனின் தங்கை பேச்சியைக் கையில் காலில் விழுந்து பிடித்து, அவள் மூலமாக 'தெரிந்தவர்கள் சொன்ன இடம்' என்று ஜாதகம் போய், பொருத்தம் பார்த்து, பெரியவர்கள் பேசி, பெண் பார்க்கிற வரைக்கும் வந்துவிட்டது. நாடகத்தின் விதி ஒன்றே ஒன்று. விமல்ராஜ் இந்தப் பெண்ணைப் பார்த்ததே கிடையாது, இவள் வீடு எந்தத் திசை என்றுகூட அவனுக்குத் தெரியாது. நம்பிராஜனுக்கு ஒரு சின்னச் சந்தேகம் தட்டினாலும் எழுந்து போய்விடுவார், அதற்குப் பிறகு எத்தனை பேச்சி வந்தாலும் அவரை உட்கார வைக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நாலரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும், அதற்குள் பெண்ணைப் பார்த்துவிட வேண்டும் என்று நம்பிராஜன் கறாராகச் சொல்லியிருந்தார். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது சின்னவர்கள் நடுவில் புகுந்து போன் செய்கிற வேலையும் கூடாது என்றிருந்தார். செங்கல்பட்டில் ரயிலை விட்டு இறங்கி, உறவுக்காரர் வீட்டில் குளித்துச் சாப்பிட்டு, தங்கையும் மகனும் பழத்தட்டுகளுமாக வேனில் கிளம்பினார். சிங்கப்பெருமாள் கோவில் தாண்டியதும் இளங்கோவனுக்குப் போன் போட்டார்.

"பக்கத்துல வந்துட்டோம். வீடு எங்கன இருக்கு? அந்த லொகேசனைக் கொஞ்சம் அனுப்பி விடுங்க."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? போனை இரண்டு தட்டுத் தட்டி அனுப்பியிருப்பீர்கள். அதுவும் தெரியாவிட்டால், தண்ணீர் டேங்க் பக்கத்தில் நீல கேட் என்று சொல்லியிருப்பீர்கள். தெருவுக்குப் பெயரில்லாத, மேப்பில் இன்னும் ஏறாத அந்தப் புது நகருக்கு அது போதும். கதவுக்குப் பின்னால் பட்டுப் புடவையில் நின்றுகொண்டிருந்த சௌந்தர்யாவும் அந்த நாலு வார்த்தைக்குத்தான் காத்திருந்தாள். அப்போது அப்பாவின் ஆள்காட்டி விரல் எழும்புவதைப் பார்த்தாள். 

"அனுப்பிடறேங்க," என்றார் இளங்கோவன். "அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். லொகேஷன்னு சொன்னீங்க பாருங்க, அது பூர்வீகமா இங்கிலீஷ் கெடையாது. லத்தீன். அதுல லோகஸ்னா எடம். எல்லாரும் அத்தோட வுட்டுடறாங்க. ஆனா ரோமாபுரிக்காரன் அந்த லொகேஷனை எடம்னு மட்டும் சொல்லல. அவனுக்கு அது வேற ஒண்ணு. அது இன்னான்னா..."

சமையலறையில் மிக்ஸி ஓடியது.

"என்ன சத்தம் அது? ஒண்ணும் கேக்கல. வாட்ஸப்புல அனுப்புங்க," என்று நம்பிராஜன் போனை வைத்துவிட்டார்.

இளங்கோவன் வாட்ஸப்பில்தான் அனுப்பினார். லொகேஷனை அல்ல, அதைப் பற்றிய குரல் பதிவை. மிக்ஸி எட்டாத மொட்டை மாடிக்குப் போய், கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, ஒன்றன் பின் ஒன்றாகப் பேசி அனுப்பினார். சௌந்தர்யா கீழேயிருந்து கதவைத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்துபோனாள். அவளிடம் போன் இருந்தது, லொகேஷன் இருந்தது, தட்டுவதற்கு விரலும் இருந்தது. யாருக்கு அனுப்புவது? அம்மாவை அனுப்பச் சொன்னால், அப்பாவின் போனில் மட்டும் இருக்கிற நம்பர் உனக்கு ஏது என்பாள். பெண்ணே அனுப்பினால், வருவதற்கு முன்பே நம்பிராஜன் அடக்கமில்லாத பெண் என்று பெயர் வைத்துவிடுவார். விமல்ராஜுக்கு அனுப்பலாம் என்றால், தண்ணீர் டேங்க்கில் எங்கெங்கே விரிசல் விட்டிருக்கிறது என்பது வரைக்கும் அவனுக்கு மனப்பாடம்.

பெண் வீட்டார் அனுப்பியதாயிற்றே என்று நம்பிராஜன் பதிவுகளை மரியாதையோடு வேனில் சத்தமாக ஓடவிட்டார். ரோமாபுரி வந்தது. அதன் தெருக்கள் வந்தன. ஒரகடம் வரவில்லை. பேச்சி தூங்கிப்போனாள். எங்கே திரும்பச் சொல்வாரோ என்று டிரைவர் வேகத்தைக் குறைத்து, ரோமாபுரி முழுக்க இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டே ஓட்டினார். 'அது இன்னான்னா' என்ற இடத்தில் ஒரு பதிவு முடிந்தது. அடுத்தது வரவில்லை. இளங்கோவனின் போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது.

அந்த வட்டாரத்தில் வழி தெரியாமல் திரிந்திருக்கிறீர்களா? ஒரு பக்கம் காம்பவுண்டுச் சுவர், மறுபக்கமும் காம்பவுண்டுச் சுவர், சுவர் முடிந்தால் கேட், கேட்டில் ஒரு செக்யூரிட்டி. தாண்டிப் போனால் மறுபடியும் அதே சுவர், அதே கேட், அதே செக்யூரிட்டியின் தம்பி போல இன்னொருவர். ஒரகடம் மேம்பாலத்தின் கீழே போய், மேலே வந்து, வழி தப்பி இருங்காட்டுக்கோட்டை வரைக்கும் ஓடி, விமல்ராஜ் தன்னுடைய ரூம் ஜன்னலில் தன்னுடைய லுங்கி காய்வதைத் தானே பார்த்துக்கொண்டு திரும்பினான். அவனுக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, அந்த முனையில லெஃப்ட்ல போய்ப் பாப்போமா?"

"ஒனக்கு ஒன் கம்பெனி தெரியும், ஒன் ரூம் தெரியும். அவுக வீடு ஒனக்கு எப்படிலே தெரியும்?"

"தெரியாதுப்பா," என்றான் விமல்ராஜ். வேன் அந்த முனையைத் தாண்டி நேராகப் போனது.

கடைசியில் ஒரு டீக்கடையில் நிறுத்தி, இளங்கோவன் வீடு எது என்று நம்பிராஜன் கேட்டார். டீக்கடைக்காரர், "எந்தக் கம்பெனி?" என்றார். இங்கே அப்படித்தான். மனிதனுக்கு அப்பன் பேரோ தெருப் பேரோ சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. கம்பெனிப் பேரைச் சொன்னால் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். ஒரு பதிவில், எங்கள் சைலன்சர் கம்பெனியில்கூட அலமாரிக்கு அலமாரி லொகேஷன் என்று எழுதித்தான் ஒட்டியிருக்கிறோம் என்று இளங்கோவன் சொல்லியிருந்தது நம்பிராஜனுக்கு ஞாபகம் வந்தது. சைலன்சர் கம்பெனி என்றார். நேராகப் போய் வலது பக்கம் பெரிய கேட் என்றார் டீக்கடைக்காரர். அன்றைக்கு அவர் ஒருவர்தான் வழி சொன்னார், அதையும் தப்பான இடத்துக்குச் சொன்னார்.

பெரிய கேட்டில் செக்யூரிட்டி சாம்சன் இருந்தார். போன மாதம் ஒரு ஆடிட்டரை ஹெல்மெட் இல்லாமல் உள்ளே விட்டதற்கு மெமோ வாங்கியவர். அன்றிலிருந்து அணில் வந்தால்கூட விசிட்டர் டேக் மாட்டித்தான் அனுப்புவது என்ற முடிவில் இருந்தார். வெள்ளை வேட்டி, பட்டுப் புடவை, தட்டுத் தட்டாகப் பழம், இளங்கோவன் பெயர். ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. நடக்கிற நேரத்தில் சொல்லாமல் வந்து இறங்கும் பெரிய இடத்து விசிட் என்று எடுத்துக்கொண்டார். போன்களை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். ஆளுக்கொரு ஹெல்மெட், மஞ்சள் மேல்சட்டை, முன்பக்கம் இரும்பு வைத்த சேஃப்டி ஷூ கொடுத்தார். சங்கரன்கோவிலிலிருந்து முதல் தடவை இந்தப் பக்கம் வந்த நம்பிராஜன், பெண் பார்க்க வந்தால் இங்கே இப்படித்தான் போலிருக்கிறது, ஊருக்கு ஊர் முறை மாறத்தானே செய்யும் என்று நினைத்து, ஒன்றும் சொல்லாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஷூவை மாட்டினார்.

சாம்சன் பழத்தட்டைக் காட்டி, "இது திருப்பி எட்த்துகினு போற மெட்டீரியலா, இங்கயே வுட்டுட்டுப் போறதா?" என்று கேட்டார்.

"பொண்ணு பிடிச்சா விட்டுட்டுப் போவோம். பிடிக்கலன்னா எடுத்துட்டுப் போவோம்," என்றார் நம்பிராஜன்.

கேட் பாஸில் அதற்குக் கட்டம் இல்லை. சாம்சன் கொஞ்ச நேரம் யோசித்து 'ரிட்டர்னபிள்' என்று எழுதிக்கொண்டார். பிறகு மூவரையும் ட்ரெயினிங் ரூமில் உட்கார வைத்து, தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்ற படத்தைப் போட்டுவிட்டு, பங்கஜத்துக்குப் போன் செய்தார். பதினைந்து வருஷமாகத் தெரிந்த குடும்பம்.

"அக்கா, சார் போன் ஆஃப்ல கீது. எமர்ஜென்சி நம்பர்னு உன் நம்பர்தான் எழுதி வெச்சிகீறாரு. அவரத் தேடி மூணு பேரு வந்துகீறாங்க, பழமெல்லாம் எட்த்துகினு. எந்த டிபார்ட்மென்ட்டுன்னு கேட்டா சொல்ல மாட்டேன்றாங்க."

பங்கஜம் போனை வைத்த வேகத்தில் பெண் வீட்டார் மூன்று பேரும் தெருவுக்கு வந்து, வந்த ஷேர் ஆட்டோவில் ஏறினார்கள். வழியெல்லாம் இளங்கோவன் ஆட்டோவைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை. சௌந்தர்யா அப்பாவைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்தால் அழுதுவிடுவோம், மை கலைந்துவிடும் என்று வெளியே ஓடுகிற சுவர்களையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஞாயித்துக்கெழமை நீயும் விசிட்டர்தான் சார்," என்று சாம்சன் இவர்களுக்கும் ஹெல்மெட் மாட்டினார். சௌந்தர்யாவின் மல்லிகைச் சரத்தின் மேல் மஞ்சள் ஹெல்மெட் உட்கார்ந்தது. ஆபத்து வந்தால் எல்லோரும் வந்து கூட வேண்டும் என்று பச்சைப் பலகை நட்டு வைத்திருந்த இடத்தில் இரண்டு குடும்பங்களும் சந்தித்தன. பாதிப் படத்தில் எழுந்து வந்திருந்த நம்பிராஜனுக்கு, இது இந்த ஊர் முறை இல்லை என்பது அதற்குள் புரிந்துபோயிருந்தது.

"ஐயா, ஒங்க வீட்டுக்கு வழி கேட்டேன். வெறும் வழி. நீங்க என்னய எங்கெங்கயோ கூட்டிட்டுப் போயிட்டீங்க. இப்ப இந்தச் சட்டியத் தலையில கவுத்துட்டு நிக்கேன். சொந்த வீட்டுக்கு வழி சொல்லத் தெரியாத ஆளு வீட்டுல எப்படிப் பொண்ணு எடுக்க? ஏ பேச்சி, தட்டை எடு. கெளம்புவோம்."

பேச்சி தட்டை எடுத்தாள், ஆனால் நகரவில்லை. சௌந்தர்யா விமல்ராஜைப் பார்த்தாள். அவனால் அவளைப் பார்க்க முடியவில்லை. அவளைத்தான் அவன் பார்த்ததே கிடையாதே. இத்தனை நாளாகக் கட்டிக்கொண்டு வந்தது முழுக்க ஒரு லத்தீன் சொல்லில் இடித்துச் சரிகிறதே என்று அவளுக்கு அப்பா மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இளங்கோவனின் விரல் பாதி எழும்பியது. நின்றது. கீழே இறங்கியது. அந்த விரல் பாதியில் இறங்கியதை அவள் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தாள்.

பங்கஜம்தான் பேசினாள். கையில் மிக்ஸி இல்லாததால் இருக்கலாம்.

"அவருக்கு வழி தெரியும்ங்க. நல்லாவே தெரியும். பயம் வந்துட்டா இப்டித்தான் எதையாச்சும் புட்ச்சிகினு தொங்குவாரு. இவ பொறந்தன்னிக்கு நான் உள்ள வலில துடிக்கறேன், இவரு வெளிய நர்சை நிக்க வெச்சி நர்சுன்னா இன்னா அர்த்தம்னு சொல்லிகினு இருந்தாரு. நீங்க வூடு கண்டுபுட்ச்சி வந்துட்டீங்கன்னா, பாத்துட்டு இவள இட்டுகினு பூடுவீங்க இல்ல. அதான்."

இளங்கோவன் தன்னுடைய ஹெல்மெட்டைக் கழற்றி அதன் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் கேட்டுக் கேட்டுச் சலித்ததெல்லாம் பயமா? பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்கு வழிநெடுக 'ஸ்கூல்' பற்றியே பேசிக்கொண்டு வந்தாரே, அதுவுமா?

நம்பிராஜன் பச்சைப் பலகையின் அடியில் இருந்த சிமெண்ட் மேடையில் மெல்ல உட்கார்ந்தார்.

"எனக்கும் ரெண்டு பொம்பளைப் பிள்ளைய உண்டு," என்றார். "ரெண்டாவது பிள்ளையப் பாக்க வந்தன்னைக்கு நான் நாயை அவுத்து விட்டுட்டேன்."

"அது மாப்பிள்ளைக்குச் சித்தப்பாவக் கடிச்சி வச்சிட்டு," என்றாள் பேச்சி.

"பெரிய கடி இல்ல," என்றார் நம்பிராஜன். பிறகு ஷெட்டுச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். ராகு காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. "சரி. வந்தது வந்தாச்சி. ஏம்மா, என் பையன் அந்தா நிக்கான். நல்லாப் பாத்துக்கோ. ஒனக்குச் சம்மதமா?"

ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. எத்தனையோ ராத்திரி அவள் தனக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தை. சௌந்தர்யாவுக்குப் பயம் வந்துவிட்டது. வாயைத் திறந்தாள்.

"சம்மதம்னா... ஒண்ணா நெனைக்கிறதுன்னு அர்த்தம். அதுக்கு முன்னாடி ஒரு விஷயம்..."

குரல் தன்னுடையதுதானா என்று திடுக்கிட்டு நிறுத்தினாள். ஹெல்மெட் விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு ஆள்காட்டி விரல் நின்றது. அதுவும் அவளுடையதுதான். இன்னொரு கையால் அதைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"சம்மதங்க," என்றாள்.

விமல்ராஜ் சிரித்துவிட்டான். முதன்முதலாகப் பெண்ணைப் பார்க்கிறவன் சிரிக்கிற சிரிப்பாக அது இல்லை. பேச்சி அவன் காலை ஓங்கி மிதித்தாள். சேஃப்டி ஷூவாக இருந்ததால் அவனுக்கு உறைக்கவில்லை. நல்லவேளையாக நம்பிராஜன் அப்போது சாம்சனிடம் பேசிக்கொண்டிருந்தார். சாம்சன் கேட் பாஸை எடுத்து 'ரிட்டர்னபிள்' என்பதை அடித்துவிட்டு, பழம் திரும்பிப் போகாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

கேசரியும் பஜ்ஜியும் வீட்டில் ஆறிக்கொண்டிருந்ததால் எல்லோரும் அதே வேனில் ஏறினார்கள். கேட்டைத் தாண்டியதும் டிரைவர், "எப்படி சார் போவணும்?" என்று பொதுவாகக் கேட்டார். நாளெல்லாம் அடக்கி வைத்திருந்தது விமல்ராஜுக்குத் தானாக வாயில் வந்துவிட்டது.

"லெஃப்ட் எடுங்கண்ணே. புரோட்டாக் கடை தாண்டுனா தண்ணி டேங்க். பக்கத்துல நீல கேட்டு."

நம்பிராஜன் மெதுவாகத் திரும்பினார்.

"ஏலே. ஒனக்கு எப்படித் தெரியும்?"

சௌந்தர்யா மூச்சை அடக்கிக்கொண்டாள். பேச்சி சட்டென்று தூங்கிப்போனாள். இளங்கோவன் பையனைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். ஊரில் உள்ள சொல்லுக்கெல்லாம் பூர்வீகம் கண்டுபிடிக்கிறவருக்கு இந்த ஒன்றின் பூர்வீகத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அவருடைய ஆள்காட்டி விரல் எழும்பியது.

"சம்பந்தி, அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். அந்த லொகேஷன் பாதியில நிக்குதே."

"அட, ஆமா," என்றார் நம்பிராஜன். வேறு வழியில்லை, மத்தியானத்திலிருந்து அந்தச் சொல்லோடு வாழ்ந்துவிட்டார், அவருக்கும் அது உள்ளே அரித்துக்கொண்டுதான் இருந்தது. "அந்த ரோமாபுரிக்காரன் என்னதான் சொன்னான்?"

இளங்கோவனின் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் கேட்டார். அவர் அவசரப்படவில்லை. இடது கண் பாதி மூடியது. அது விமல்ராஜ் உட்கார்ந்திருந்த பக்கம். வழக்கமாக மூடுகிற மூடலா, கண் சிமிட்டலா என்று சௌந்தர்யாவுக்கு இன்று வரைக்கும் தெரியாது.

"வாடகைக்கு வுடறது," என்றார். "எடமோ பொருளோ, அடுத்தவனுக்கு வாடகைக்கு வுட்டா அவன் அத்த லொகேஷன்னுதான் சொன்னான். பிரான்ஸ் தேசத்துல இன்னிக்கும் அப்டித்தான். கடை வாசல்ல லொகேஷன்னு போர்டு மாட்டியிருந்தா, வாடகைக்குக் கெடைக்கும்னு அர்த்தம்."

நம்பிராஜன் ஜன்னல் வழியே பார்த்தார். வீட்டுக்கு வீடு, மாடிக்கு மாடி, ரூம் வாடகைக்கு என்று எழுதிக் கட்டியிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இம்புட்டுத்தானா?"

"அவ்ளோதான் சம்பந்தி."

அதற்குள் தண்ணீர் டேங்க்கும் நீல கேட்டும் வந்துவிட்டன. மகனிடம் கேட்ட கேள்வி வழியில் எங்கேயோ இறங்கிப்போயிருந்தது. நம்பிராஜன் கேசரியை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். அந்த மிக்ஸி ஓடியபோது உங்களுக்கு எரிச்சலாக இருந்ததா? போனில் சார்ஜ் தீர்ந்தபோது, அட, அந்தக் கடைசிப் பதிவு மட்டும் வந்திருக்கக் கூடாதா என்று தோன்றியதா? ஒரு பெண்ணின் கல்யாணம் பச்சைப் பலகையின் அடியில் அந்தரத்தில் நின்றபோதுகூட, ரோமாபுரிக்காரன் என்ன சொன்னான் என்று மனசின் ஒரு மூலை கேட்டுக்கொண்டே இருந்ததா? வெட்கப்பட வேண்டாம். வியாதி ஆரம்பிப்பது அப்படித்தான். இப்போது உங்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது, தெரிந்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்க உங்களால் முடியாது. நாளைக்கோ அதற்கு மறுநாளோ, யாரோ ஒருவர் பாவம், உச்சி வெயிலில், உங்கள் தெரு எதுவென்று தெரியாமல் நின்றுகொண்டு, லொகேஷன் அனுப்புங்கள் என்பார். தயவுசெய்து அனுப்பிவிடுங்கள். அனுப்புவதற்கு முன்னால் உங்கள் வலது கையை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், ஆள்காட்டி விரல் எங்கே இருக்கிறது என்று.